இரண்டாவது கியர்

போன மாதம் நம் பள்ளிக்கூடத்துக் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருந்தீர்கள். ஏற்காட்டு ஏரிக்கரையில் பழைய கார்கள் வரிசையாக நிற்கிற படம். பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஓட்டிக்கொண்டு வந்தார்களாம். ஒவ்வொன்றும் புது மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்துக்கொண்டு நின்றது. நீங்கள் எல்லோரும் இதயமும் கைதட்டலுமாகப் போட்டுத் தள்ளினீர்கள். "உங்க வீட்டிலும் இதே மாதிரி ஒண்ணு இருந்ததே, நீ மட்டும் ஏன் வாயே திறக்கலை?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குப் பெட்ரோல் வாசனை ஆகாது என்று எழுதித் தப்பித்துக்கொண்டேன். அது பொய். பெட்ரோல் வாசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

முட்டி வலிக்குப் படிக்கட்டைத் திட்டுகிற வயதுக்கு எல்லோரும் வந்துவிட்டோம். இனிமேல் மறைத்து வைத்து யாருக்கு என்ன லாபம்? அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய கார் என்றால் உருகிப் போகிறவர்கள் முன்பாதியைப் படித்துவிட்டுப் போய்விடலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

என்ன கம்பெனிக் கார் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் நம்மில் இரண்டு பேர் உடனே இணையத்தில் தேடி எனக்கே பாடம் எடுப்பீர்கள். சீமையில் செய்த கார், அவ்வளவுதான். அப்பா எஸ்டேட்டில் ரைட்டர். கூலியாட்களுக்குப் பேர் போடுகிற வேலை. துரை தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பியபோது அந்தக் காரை வாங்க ஒருவரும் வரவில்லை. அப்போதே அதற்கு முப்பது வயதுக்கு மேல். துரை சாவியை அப்பாவின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மலையிலேயே கார் வைத்திருந்த ஒரே ரைட்டர் எங்கள் அப்பாதான். அந்தப் பெருமை அவருடைய நடையிலேயே தெரியும். நடக்கிற தூரத்துக்கும் காரில் போவார்.

"ஆனையைக் கட்டித் தீனி போடுற கதைங்க இது," என்பாள் அம்மா. அப்பா காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

கரும்பச்சை நிறம். தோல் இருக்கை வெடித்து, உள்ளே இருந்த தேங்காய் நார் தொடையில் குத்தும். திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டு வரும். பாதி நாள் அது வராது, அப்பா கதவில் ஒரு குத்து விட்டால்தான் வரும். மழைக்காலத்தில் காருக்குள் ஏறி உட்கார்ந்தால் நனைந்த சாக்கு வாசனையும் பெட்ரோலும் சேர்ந்து ஒரு மாதிரி தலையைச் சுற்றும். எனக்கு அது சொர்க்கம். அத்தைக்கு அது நரகம்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமான இரண்டாம் வருடமே புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். நம்மில் பாதிப் பேருக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தது அவள்தான், ஞாபகம் இருக்கும். மலை இறங்கினால் அவளுக்கு வாந்தி வரும். அதனால் பின்சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிக் கிள்ளி மூக்கில் வைத்துக்கொண்டே வருவாள்.

முன்சீட்டில், அப்பாவுக்கு இடப்பக்கம், என் இடம். அது சும்மா கிடைத்த இடமில்லை, எனக்கு அங்கே வேலை இருந்தது.

கார் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். மலை இறங்கும்போது வண்டியைப் பிரேக் மட்டும் பிடித்து நிறுத்த முடியாது. தாழ்ந்த கியரில் போட்டு இறக்கினால்தான் இன்ஜினே வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். எங்கள் காரின் இரண்டாவது கியர் பல் தேய்ந்து கிடந்தது. ஏற்றத்தில் ஒழுங்காக இருக்கும். இறக்கத்தில் திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம், கியர்க் குச்சி கையை ஓர் எத்து எத்தும், கியர் கழன்றுவிடும். வண்டி ஒரு நொடி மூச்சு விட்டது மாதிரி இருந்து, பிறகு ஓட்டமெடுக்கும். அதனால் மேலேயிருந்து அடிவாரத்துக் குப்பனூர் போய்ச் சேருகிற வரைக்கும் யாராவது அந்தக் குச்சியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே வரவேண்டும். அந்த யாராவது நான்தான். எனக்கு அப்போது பத்து வயது.

"உட்றாத கண்ணு, வளைவு வருது!" என்று அப்பா கத்துவார். நான் காலை முட்டுக்கொடுத்துக் குச்சியின் கறுப்புக் குமிழை அழுத்திக்கொள்வேன். எந்த வளைவில் எத்தும், எந்த வளைவில் சும்மா இருக்கும் என்று எனக்கு அத்துப்படி. எத்துவதற்கு முன்னால் உள்ளங்கையில் ஒரு நடுக்கம் வரும். அது அப்பாவுக்குக்கூடத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். உள்ளங்கையில் காய்ப்பு விழுந்து, பள்ளிக்கூடத்தில் பூச்சட்டைக்காரிகள் எல்லாம் மென்மையான கையோடு இருக்க, நான் மட்டும் என்னமோ மண்வெட்டி பிடித்தவள் மாதிரி இருந்தேன். அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. இதைப் பெரியவர்கள் யாரும் தப்பு என்று நினைக்கவில்லை. இன்றைக்குப் பேத்தியை முன்சீட்டில் உட்கார வைக்கவே எனக்கு நடுங்குகிறது.

அந்த வருடம் காபி பூத்த சமயத்தில்தான் கியரைச் சரிசெய்தே தீருவது என்று அப்பா முடிவெடுத்தார். மெக்கானிக் வீட்டுக்கு வந்தார்.

மெக்கானிக் குப்பனூர்க்காரர். மலைமேல் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். சனிக்கிழமை ஊருக்கு இறங்கி, திங்கட்கிழமை ஏறி வருவார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து டாக்டர் மாதிரி கேட்பார். வாய் கொஞ்சம் நீளம். "நான் மூடுன டாப்பை இன்னொருத்தன் தொறந்து பாக்க வேண்டி வந்ததில்லீங்க," என்று சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ளத் தகுதியும் இருந்தது. டாப் என்பது இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் மேலே மூடுகிற மூடி.

கியர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார். "பல்லு மழுங்கிப் போச்சுங்க ஐயா. ரெண்டாவது கியரு வேற போட்டாத்தான் ஆகும். கடைஞ்சு போட்டா நிக்காதுங்க. இதே வண்டி சாமான்தான் வேணும்."

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பேச்செல்லாம் பல் பற்றித்தான். மெக்கானிக் சேலத்துப் பழைய இரும்புக் கடைகளைச் சல்லடை போட்டுத் தேடினார். மதராஸ் புதுப்பேட்டைக்கு ஒரு நடை போய் வந்தார். கோயம்புத்தூரில் ஒருவரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனால், அது இந்தக் காரின் அண்ணன் வண்டியின் கியர், அரை விரல்கடை பெரியது. அப்பா சீமைக்கே கடிதம் போட்டார். அத்தைதான் இங்கிலீஷில் எழுதினாள். இரண்டு மாதம் கழித்துத் துரைசாணியிடமிருந்து பதில் வந்தது. துரை குளிர்காலத்தில் காலமாகிவிட்டாராம். மலையையும் ஆரஞ்சு மரங்களையும் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கியரைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பா துரைக்காக வருத்தப்பட்டாரா, கியருக்காக வருத்தப்பட்டாரா என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் அது செம்மநத்தத்தில் கிடைத்தது. கேட்டால் சிரிப்பீர்கள்.

அங்கே ஒரு குடியானவர் வீட்டில் இதே மாதிரி காரின் எலும்புக்கூடு கிடக்கிறது என்று மிளகு வாங்கப் போன யாரோ சொன்னார்கள். பாதை குறுகல், கார் போகாது. அப்பா, மெக்கானிக், நான் மூன்று பேரும் நடந்தே போனோம். கார் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பின்சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. கதவைக் கழற்றிப் பட்டிக்குப் படலாக வைத்திருந்தார்கள். மெக்கானிக் சுற்றிச் சுற்றி வந்து, "ஏனுங்க, இதுக்குள்ள ஒரு இரும்புப் பொட்டி இருந்திருக்குமே, அது எங்கீங்க?" என்று கேட்டார்.

குடியானவரின் மனைவி கொட்டிலைக் காட்டினாள். ஒரு கறவை மாட்டின் கயிற்றைக் கியர் பெட்டியில் கட்டியிருந்தது. "முளைக்குச்சி அடிச்சா புடுங்கிட்டு ஓடுதுங்க. இதுன்னா நொம்ப கனம், அசையறதில்லீங்க," என்றாள்.

மெக்கானிக் அங்கேயே சாணியைக் கழுவிவிட்டு உட்கார்ந்து திறந்தார். உள்ளே பழைய எண்ணெய் கெட்டிப்பட்டுக் கறுப்பாக இருந்தது. அதற்குள் விரலை விட்டு ஒவ்வொரு பல்லாகத் தடவினார். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "கொஞ்சந்தானுங்க ஓடியிருக்குது. பல்லு புதுசாட்டமே இருக்குது சாமி!" சாமி என்றது என்னை. குடியானவர் விலை ஒன்றும் கேட்கவில்லை. அதே கனத்துக்கு மாடு கட்ட வேறு ஒன்று வேண்டும் என்றார். மறுநாள் மெக்கானிக் ஓர் உடைந்த ஆட்டுக்கல்லைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கி வந்தார். அந்த வாரம் முழுக்க பஜாரில் இதே சிரிப்புத்தான். 'மாடு கட்டின கியர்' என்று பேரே வைத்துவிட்டார்கள்.

மூன்று நாள் வேலை. நான்காம் நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு குப்பனூர்ப் பாதையில் இரண்டு வளைவு இறங்கிப் பார்த்தார்கள். நான் வழக்கம்போலக் குச்சியைப் பிடித்திருந்தேன். "கையை எடு கண்ணு," என்றார் பின்சீட்டிலிருந்த மெக்கானிக். எடுத்தேன். குச்சி நடுங்கக்கூட இல்லை. அப்பா ஓவென்று கத்தினார். எனக்கு மட்டும் அழுகை வந்தது. இனி அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாமே.

காரை விட்டு இறங்கும்போது மெக்கானிக் அப்பாவிடம் ஒன்று சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "எப்பவும் ரெண்டாவதுல போட்டே எறக்குங்க ஐயா. பிரேக்கும் வயசானதுதானுங்க. அதுக்கும் சாமான் கெடைக்கிற வரைக்கும் கியரும் பிரேக்குமா ரெண்டும் சேந்து புடிச்சாத்தான் வண்டி நிக்கும்." அப்பா கோயிலில் பிரசங்கம் கேட்கிற மாதிரி தலையாட்டினார்.

இப்போது மலைக்காரர்களின் ஒரு கிறுக்குத்தனத்தைச் சொல்லவேண்டும். பெட்ரோல் விலை ஏறியிருந்த காலம் அது. பஜார் டீக்கடையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு போட்டி. மேலே கியரை எடுத்துவிட்டு, சாவியைத் திருப்பி இன்ஜினையும் அணைத்துவிட்டு, சும்மா உருட்டிக்கொண்டே அடிவாரம் வரை போய்விடுவார்கள். "ஒரு சொட்டு செலவில்லாம எறங்கினேன்" என்பது அங்கே பெரிய வீரம். அப்பா டீயைக் குடித்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. மகள் குச்சியைப் பிடித்துக்கொண்டு வருகிற காரில் என்ன வீரம் பேசுவது? பழைய கியரில் பயம் இருந்தவரை அப்பா ஒழுங்காக ஓட்டினார். கியர் சரியானதும் பயம் போய்விட்டது. கார் முழுக்கப் புதிதாகிவிட்ட மாதிரி அவருக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது. எனக்கு இது புரிய நாற்பது வருடம் ஆயிற்று.

அந்தச் சனிக்கிழமை அத்தைக்குச் சேலத்தில் மூக்குக்கண்ணாடி வாங்கவேண்டியிருந்தது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று வெட்கப்பட்டு வெட்கப்பட்டுக் கடைசியில் செய்யக் கொடுத்திருந்தாள். குப்பனூர் வழியாகத்தான் போவோம் என்று அப்பா மெக்கானிக்கிடம் முன்னாலேயே சொல்லியிருந்தார். அம்மா வீட்டில் இருந்துவிட்டாள். அப்பா, நான், பின்னால் அத்தை.

ஆனி மாதத்துக் காற்று. வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. முதல் சில வளைவுகள் இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். பழக்க தோஷத்தில் என் கை குச்சியின் மேல் போயிற்று. அப்பா என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"இனி அது உன் வேலையில்ல கண்ணு."

சொல்லிவிட்டு அவரே குச்சியை இழுத்து நடுவில் விட்டார். பிறகு சாவியைத் திருப்பினார். இன்ஜின் அடங்கியது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். டயர் உருளுகிற சத்தமும் காற்றும் மட்டும்தான்.

"என்னண்ணா, வண்டி நின்னு போச்சா?" என்றாள் அத்தை.

"நிக்கிறதாவது! எப்படி வழுக்கிட்டுப் போகுது பாரு," என்று அப்பா சிரித்தார்.

இரண்டு வளைவு நன்றாகத்தான் போயிற்று. அடுத்ததில் துணி தீய்கிற மாதிரி ஒரு வாசனை வந்தது. அத்தை ஆரஞ்சுத் தோலை மூக்கோடு அழுத்திக்கொண்டாள். அப்பா பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். கால் பலகை வரைக்கும் போயிற்று. குச்சியைப் பிடித்து இரண்டாவதில் போடப் பார்த்தார். அந்த வேகத்தில் அது விழவில்லை, கடகடவென்று அரைத்தது. நானும் இரண்டு கையாலும் சேர்த்துத் தள்ளினேன். அப்பா மாதாவே என்று கத்திக்கொண்டு வண்டியை மலைப்பக்கத்து மண்மேட்டில் ஒட்டினார். வண்டி மேட்டில் ஏறிப் புரண்டது.

நான் உண்ணிச்செடிப் புதரில் கிடந்தேன். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, அப்போது வலி தெரியவில்லை. அப்பா ஒரு கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தார். பின்கதவு திறந்து அத்தை வெளியே விழுந்திருந்தாள், அவள் மேல் கார் கிடந்தது. அவள் கண் திறந்தே இருந்தது. நான் அவளைக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதே நேரத்தில் மெக்கானிக் குப்பனூரில் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் துவைத்த துணி உடுத்தச் சொல்லிக் கூட்டி வந்திருந்தாராம். யாரும் குச்சியைப் பிடிக்காமல் கார் இறங்கி வருவதை அவர்களுக்குக் காட்டவேண்டும் என்று ஆசை. ஒரு விறகு லாரி போய்ச் சேதி சொல்லியிருக்கிறது. அதே லாரியைத் திருப்பிக்கொண்டு ஏறி வந்துவிட்டார். அவரும் லாரிக்காரர்களும் சேர்ந்துதான் காரைப் புரட்டி அத்தையை எடுத்தார்கள். என்னைச் சாக்கின் மேல் படுக்க வைத்தார்கள். அப்பாவை ஏற்றிவிடும்போது மெக்கானிக் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, கியருல தானுங்களே வந்தீங்க?"

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். "கழண்டுடுச்சுப்பா," என்றார். "தானா கழண்டுடுச்சு."

லாரியின் இரைச்சலிலும் அது எனக்கு நன்றாகக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அம்மா என் காதோடு காதாகச் சொன்னாள். "போலீஸ்காரங்க கேட்டா கியர் கழண்டுடுச்சுன்னு சொல்லு சாமி. இல்லைன்னா அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க." அம்மாவுக்கு உண்மை தெரியுமா, தெரியாமலே புருஷனைக் காப்பாற்றினாளா என்று கடைசி வரை நான் கேட்கவில்லை. போலீஸ்காரர் வந்து கேட்டார். நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஊருக்கு விசாரணையே தேவைப்படவில்லை. அந்தக் கார் கியர் கழலும் என்று மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சரிசெய்தேன் என்றவர் மெக்கானிக். போட்டதோ மாடு கட்டின கியர். ஒரு வாரம் முன்னால் சிரித்தவர்கள் அதே பேரை இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். கொட்டகையில் வேலைக்கு நின்ற ஜீப்புகளை ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். கண்ணெதிரே அது நடப்பதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

அத்தையை அடக்கம் செய்து நான்காம் நாள், காரின் மிச்சத்தை வாங்கிப் போகச் சேலத்திலிருந்து இரும்புக்காரரின் லாரி வந்தது. அப்பா அவ்வளவு அவசரமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் வாசலில் லாரி நின்றது, மேலே எங்கள் கார். மெக்கானிக் ஓடி வந்து லாரிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"ஐயா, அரை மணி நேரம் குடுங்க. டாப்பைக் கழட்டி ஒருக்கா பாத்துக்கறனுங்க. என்ன தப்பு பண்ணிப்போட்டேன்னு தெரிஞ்சுக்கணுமுங்க. எனக்குத் தூக்கமே இல்லீங்க."

திறந்திருந்தால் பல் முழுசாக இருப்பதைப் பார்த்திருப்பார். அவருக்கு ஒரு பார்வை போதும். அது அப்பாவுக்கும் தெரியும். கட்டுப்போட்ட கையோடு வாசற்படியில் நின்றுகொண்டு, "வேண்டாம்ப்பா. பாத்து என்ன ஆகப்போகுது? போனவ திரும்பியா வரப்போறா?" என்றார். துக்கத்தில் பேசுகிறவரை எதிர்த்து யார் என்ன சொல்வது? மெக்கானிக் நகர்ந்துகொண்டார். லாரி போய்விட்டது.

அப்போதுதான் அவர் என் பக்கம் வந்தார். நான் முருங்கை மரத்தடியில் நின்றிருந்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், அவர் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது. சவரம் செய்யாத தாடி, சிவந்த கண்.

"கண்ணு, நீதான அந்தக் குச்சியை ரெண்டு வருசமாப் புடிச்சவ. உனக்குத்தான் தெரியும். தானாத்தான் கழண்டுச்சா?"

அப்பா வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க மாமா."

"சத்தம் கேட்டுச்சா? டக்குன்னு?"

"கேட்டுச்சுங்க."

"குச்சி எத்துச்சா கண்ணு?"

"எத்துச்சுங்க மாமா. மொதல்ல நடுங்குச்சு, அப்பறம் எத்துச்சு."

அந்த நடுக்கத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நானாகச் சேர்த்தேன். நல்ல பிள்ளையாகப் பதில் சொல்கிற உற்சாகத்தில் சேர்த்தேன். அவர் என் தலையைத் தொட்டுவிட்டு எழுந்து போனார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு போட்டிருந்தோம். எஸ்டேட் ஆட்கள், பஜார்க்காரர்கள், கோயில் ஃபாதர் எல்லோரும் இருந்தார்கள். மெக்கானிக் மனைவியோடு வந்தார். தலையை மொட்டையடித்திருந்தார். பெற்றவள் செத்தால் அடித்துக்கொள்கிற மாதிரி, அத்தைக்காக அடித்த மொட்டை அது. நேராக அப்பாவிடம் போய் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தார்.

"என் கை வேலைதானுங்க டீச்சரம்மாவைக் கொன்னுபோடுச்சு. மன்னிச்சுப்போடுங்க ஐயா."

அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வீடே அழுதது. அப்பா குனிந்து அவரைத் தூக்கினார். "எந்திரிப்பா. உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. மன்னிச்சுட்டேன்," என்றார். மன்னிப்புக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை என்று ஃபாதர் சொன்னார். அப்பாவின் பெரிய மனசைப் பற்றி ஊரில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். நான் அடுப்படியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன், ஒற்றைக் கையால்.

மெக்கானிக் கொட்டகையைப் பிரித்துவிட்டார். அதற்கப்புறம் எந்த வண்டியையும் தொடவில்லை. அடிவாரத்தில் கல் உடைக்கப் போனார். அவரைத் தேடி வந்து கூப்பிட்டவர்கள்கூட உண்டு, ஊர்க் கோபம் எத்தனை நாளைக்கு நிற்கும்? "என் கையை நானே நம்பறதில்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாராம். நான் காலேஜ் போன காலத்தில் ஒரு தடவை குப்பனூரில் பஸ் நின்றபோது அவரைப் பார்த்தேன். தலையெல்லாம் கல் தூசி. ஜன்னலருகே வந்து, "நல்லா இருக்கியா கண்ணு, தோளு வலியெல்லாம் இல்லியே?" என்று கேட்டார். இல்லைங்க மாமா என்றேன். சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது. கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர் செத்துப்போனதாக அம்மா கடிதத்தில் எழுதினாள். அத்தைக்குச் செய்த மூக்குக்கண்ணாடி யாரும் போய் வாங்காமல் சேலத்துக் கடையிலேயே போயிற்று.

அப்பா எண்பத்துச் சொச்சம் வயதுவரை இருந்தார். கடைசி இரண்டு வருடம் என் வீட்டில்தான். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று.

"அன்னிக்கு நீங்கதானேப்பா கியரை எடுத்துவிட்டீங்க? என் கையை எடுத்துட்டு, நீங்கதானே இழுத்தீங்க?"

அப்பா யோசித்தார். அவர் முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

"கியர் கழண்டுடுச்சு கண்ணு. அதான் அவனே வந்து ஒத்துக்கிட்டானே. ஊரே பாத்துச்சே. தப்புப் பண்ணாதவன் எதுக்கு மொட்டையடிச்சுட்டு வந்து கால்ல விழுவான்?"

மிச்சக் கஞ்சியை ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டேன். எதற்கு விழுந்தார் என்று எனக்குத் தெரியும். டக்கென்று சத்தம் கேட்டதா என்று அவர் என்னைக் கேட்டார். கேட்டது என்று நான் சொன்னேன்.